எண்களைக் கொண்டு இடம் தேடுவோம்

புதையல் தேடிப் போன கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். உலகின் பல நாடுகளில் இப்போது ஒரு புதையல் விளையாட்டு நடக்கிறது. அதன் பெயர் ஜியோகேச்சிங்.

2000-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் அமெரிக்காவில் ஒருவர் மரங்கள் அடர்ந்த இடத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்தார். வாளியில் சில பொருள்களும் ஒரு நோட்டும் இருந்தன. வாளி இருக்கும் இடத்தை அவர் எண்களால் அறிவித்தார். அந்த எண்களை வைத்தே பிறர் வாளியைக் கண்டுபிடித்தனர். நோட்டில் தம் பெயரை எழுதினர். விளையாட்டு இப்படித்தான் பிறந்தது.

எண் எப்படி இடத்தைக் காட்டும்?

உலகப் படத்தைப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இருக்கும். குறுக்குக் கோடு அட்சரேகை. நெடுக்குக் கோடு தீர்க்கரேகை. இரண்டு கோடுகள் சந்திக்கும் புள்ளியே ஓர் இடத்தின் முகவரி.

கோபர்கைரனே ஏறத்தாழ வடக்கே 19 டிகிரி 6 நிமிடம், கிழக்கே 73 டிகிரி. தாராவி ஏறத்தாழ வடக்கே 19 டிகிரி 3 நிமிடம், கிழக்கே 72 டிகிரி 51 நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். வடக்கே ஒரு டிகிரி போனால் சுமார் 111 கிலோமீட்டர் ஆகும். வானில் சுற்றும் செயற்கைக்கோள்களின் உதவியால் கைப்பேசி இந்த எண்களைக் காட்டுகிறது.

பெட்டி வேண்டாம், கேள்வி போதும்

பெட்டி இல்லாமலும் இதை விளையாடலாம். குறித்த இடத்துக்குப் போக வேண்டும். அங்கே பார்த்து, ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். மும்பை போன்ற நகரத்துக்கு இதுவே நல்லது. கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியையோ பையையோ தொடக் கூடாது. போலீசாரிடம் சொல்ல வேண்டும்.

கோபர்கைரனேயிலிருந்து வாசி, குர்லா வழியாக ரயிலில் சயான் வரலாம். அங்கிருந்து தாராவி பக்கம்தான். தாராவியை ஒட்டி மித்தி ஆறு ஓடுகிறது. விகார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரே இந்த ஆறு. சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, மாகிமில் கடலில் கலக்கிறது.

முதல் இடம், காலா கில்லா. காலா கில்லா என்றால் கருங்கோட்டை. 1737-இல் மராட்டியர் பக்கத்திலிருந்த சால்செட் தீவைப் பிடித்தனர். அப்போது பம்பாய் ஆங்கிலேயர் கையில் இருந்தது. அதே ஆண்டில் ஆளுநர் ஜான் ஹார்ன் ஆற்றங்கரையில் இந்தக் கோட்டையைக் கட்டச் செய்தார். கல்லில் இதைப் பொறித்துள்ளனர். எழுத்து ஆங்கிலம். ஆனால் 1737 என்ற எண்ணை நீங்களே படித்துவிடலாம். இன்று கோட்டையைச் சுற்றி வீடுகள் நெருங்கி நிற்கின்றன.

இரண்டாம் இடம், மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. முன்பு அது நகரத்தின் குப்பை மேடு. அங்கே மண் நிரப்பி மரம் நட்டனர். 1994-இல் பூங்கா திறக்கப்பட்டது. சுமார் 37 ஏக்கர் நிலம் இன்று காடு போல் இருக்கிறது. பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வருகின்றன.

மூன்றாம் இடம், ஆறே. மித்தி என்றால் இனியது என்று பொருள். ஆனால் ஆலைக் கழிவும் சாக்கடையும் அதில் கலந்தன. கரையை மேடாக்கிக் கட்டடம் எழுப்பியதால் ஆறு குறுகியது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்று கடல் அலையும் உயர்ந்திருந்தது. வெள்ளம் வடிய வழியில்லை. ஆறு ஊருக்குள் புகுந்தது. நகரத்தில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். சாக்கடை என்று நினைத்தது ஓர் ஆறு என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆகவே இது விளையாட்டு மட்டும் அல்ல. நம் வீட்டுக்கு அருகில் ஆறோ ஓடையோ எங்கே ஓடுகிறது? மேடான இடம் எந்தப் பக்கம்? படம் பார்க்கவும் எண் படிக்கவும் தெரிந்தவர் இதை அறிந்து கொள்ளலாம். அண்டை வீட்டாருக்கும் சொல்லலாம்.

விடை எழுதுங்கள்

1. ஓர் இடத்தின் முகவரியைக் காட்டும் இரண்டு கோடுகள் எவை?
2. காலா கில்லா எந்த ஆண்டில் கட்டப்பட்டது?
3. இயற்கைப் பூங்கா இருக்கும் இடம் முன்பு என்னவாக இருந்தது?
4. மித்தி ஆறு ஏன் குறுகியது?

செய்து பாருங்கள்

உங்கள் தெருவைப் படமாக வரையுங்கள். ஓடையையும் மேடான இடத்தையும் அதில் குறியுங்கள்.