கைது நடந்த வீட்டுக்கும் போக வேண்டும்

மய்யித்து வீட்டுக்கு நம்மை யாரும் அழைக்க வேண்டியதில்லை. செய்தி கேட்டதும் போகிறோம். மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்க விடாமல் ஆளாளுக்குச் சோறாக்கி அனுப்புகிறோம். ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளையைக் கொலை வழக்கிலோ போக்சோ வழக்கிலோ போலீஸ் பிடித்துப் போய்விட்டால், அந்தத் தெருவழியாக நடப்பதைக்கூடக் குறைத்துக்கொள்கிறோம்.

நம் மஹல்லாவில் ஒரு சகோதரரின் தம்பி கொலை வழக்கில் கைதானார். (பெயர் போடாமல் எழுதச் சொல்லி அந்தச் சகோதரரே சம்மதம் தந்தார்.) அடுத்த ஜும்ஆவுக்கு அவர் வந்தார். தொழுகை முடிந்து எழுந்தபோது அவருக்கு ஸலாம் சொல்ல, கை கொடுக்க ஒருவரும் நிற்கவில்லை. நாங்களும் அங்கேதான் இருந்தோம். மறுவாரம் அவர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத் தொழப் போய்விட்டார். நாங்கள் அவர் வீட்டு வாசலை மிதிக்கப் பதினொரு நாள் ஆனது. என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பது நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமே பெரிய காரணம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்ட நாட்களில், அவர்கள் பெற்றோர் வீட்டில் அழுதுகொண்டிருந்தார்கள். அப்போது ஓர் அன்சாரிப் பெண்மணி அனுமதி கேட்டு உள்ளே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அழுதார். ஸஹீஹுல் புகாரியில் இந்தச் செய்தி இருக்கிறது. அவர் விசாரித்ததாகவோ ஆலோசனை சொன்னதாகவோ அதில் ஒன்றும் இல்லை. வந்தார், உட்கார்ந்தார், அழுதார்.

அன்னையவர்கள் குற்றமற்றவர்கள், நண்பரின் தம்பி அப்படியா என்று கேட்பீர்கள். நமக்குத் தெரியாது. அதைத் தீர்மானிக்கும் பொறுப்பும் நம்மிடம் இல்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்பதை அல்லாஹ் திருக்குர்ஆனில் ஐந்து இடங்களில் சொல்கிறான். தம்பி செய்திருந்தாலும் அண்ணன் செய்யவில்லை, உம்மா செய்யவில்லை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் செய்யவில்லை.

ஆகவே போனால், "அவன் செஞ்சானா?" என்று கேட்காதீர்கள். அது புண்படுத்தும் என்பதோடு சட்டப்படியும் ஆபத்து. வக்கீலிடம் சொன்னதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு நண்பரிடம் சொன்னதற்குக் கிடையாது; நாளை நம்மையே சாட்சியாக அழைக்கலாம். வழக்கு விவரம் வக்கீலோடு இருக்கட்டும். நாம் பால் பாக்கெட்டும் காய்கறியும் வாங்கிக் கொடுப்போம், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவோம்.

முதல் சில நாட்களில் அந்த வீட்டாருக்கு மூளை ஓடாது. அப்போது சில விஷயங்களை நாம் தெரிந்துவைத்திருப்பது உதவும். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை. உதவி எண் 15100. "எனக்கு மேலே ஆள் தெரியும், இரண்டு லட்சம் கொடுத்தால் வெளியே எடுத்துவிடலாம்" என்று கட்டாயம் ஒருவர் வருவார். அந்த நேரத்தில் பக்கத்தில் நிதானமான ஒரு நண்பர் இருந்தால் நகை தப்பிக்கும்.

ஒரு விஷயத்தில் நாம் உறுதியாக நிற்க வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பமும் நம் மஹல்லாவில்தான் இருக்கலாம். அவர்களிடம் "விட்டுக்கொடுங்கள்" என்று பேசப் போகாதீர்கள், நண்பரையும் போக விடாதீர்கள். அது சமாதானம் அல்ல, மிரட்டல். போக்சோ வழக்கென்றால் குழந்தையின் பெயரைக்கூட வாட்ஸ்அப்பில் போடக் கூடாது; அதுவே தனிக் குற்றம். அந்தக் குடும்பத்துக்கும் சோறு போக வேண்டும், இந்தக் குடும்பத்துக்கு முன்பாகவே போக வேண்டும். எங்கள் டிரஸ்டில் இதற்கு வேறு வேறு ஆட்களை அனுப்புகிறோம். ஒரே ஆள் இரண்டு வீட்டுக்கும் போனால் யாரும் மனம் திறந்து பேசமாட்டார்கள்.

குற்றம் நிரூபணமாகிவிட்டால்? அன்னையவர்கள் மீதான அவதூறில் பங்கெடுத்த மிஸ்தஹ் (ரலி), அபூபக்ர் (ரலி) அவர்களின் ஏழை உறவினர். அவருக்கு இனி உதவுவதில்லை என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். இறைவசனம் இறங்கியது. பாதிக்கப்பட்டவரின் தந்தையே உதவியை மறுபடி தொடங்கினார்கள். நாம் யார் நிறுத்த?

பன்னிரண்டாம் நாள் எங்கள் வீட்டுப் பெண்கள் இருவர் உம்மாவைப் பார்க்கப் போனார்கள். மகன் சிறுவயதில் குர்ஆன் ஓதி முடித்த அன்று வாங்கிய சட்டையை எடுத்துக் காட்டினாராம். இவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அஸர் வரை உட்கார்ந்துவிட்டு வந்தார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. சிறையில் மனு போட்டு மகனைப் பார்க்க உம்மாவால் பஸ்ஸில் போய்வர முடியவில்லை. கார் வைத்திருக்கும் சகோதரர்கள் மாதம் ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.