பம்பு யந்திரத்தின் ஜெட்டைச் சுத்தம் செய்தல்

தளவாய்புரம் பக்கத்தில் பழைய மண்ணெண்ணெய்ப் பம்பு யந்திரம் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் கவனிக்கவும். கதிர் வாங்கும் சமயத்தில் யந்திரம் 'சோக்' இழுத்தால் ஓடி, விட்டவுடன் நின்றுவிடுமாயின், புது யந்திரத்துக்குக் கடன் மனு எழுதுமுன் கார்புரேட்டரைப் பார்ப்பது நலம். நெடுநாள் தேங்கிய எண்ணெய் பிசினாகி, ஜெட்டின் நுண்ணிய துவாரத்தை அடைத்திருக்கக்கூடும். (டீஸல் யந்திரத்துக்கு இவ்வுறுப்பே இல்லை.)

எண்ணெய்க் குழாயை மூடி, அடிக்கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைப் பொருத்தமான திருப்புளியால் மெதுவாகத் திருகி எடுக்கவேண்டும், பித்தளை மிருதுவானது. பெட்ரோலில் ஊறவைத்துச் சைக்கிள் பம்பினால் காற்றடிக்கவும். அருகில் பீடி கூடவே கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துவாரம் வட்டமாய்த் தெரியவேண்டும். ஊசியால் குத்துவோர் அனேகர், அது பெருந்தவறு. துவாரம் பெருத்துவிட்டால் யந்திரம் கரும்புகை கக்கி, எண்ணெயை வீணே குடிக்கும். பின்னர் புது ஜெட் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நெடுநாள் நிறுத்தி வைப்பதாயின், குழாயை மூடிக் கிண்ணம் வற்றும்வரை ஓடவிடவும்.