ஏரோவா, மெக்கானிக்கலா?

கேள்வி: ஐயா, பி.இ. மெக்கானிக்கல் முடித்து மூன்று வருடமாக வள்ளூர் அனல்மின் நிலையத்தில், ஒப்பந்தக்காரரிடம் டர்பைன் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். எம்.டெக். ஏரோஸ்பேஸ் படிக்க ஆசை. வீட்டில், "மெக்கானிக்கலே படி, வேலை உத்தரவாதம்" என்கிறார்கள். இத்தனை நாள் ஸ்பேனர் பிடித்தவனுக்கு ஏரோ பாடம் ஏறுமா?
– ஒரு வாசகர், வள்ளூர்

பதில்: ஸ்பேனரைக் குறையாகச் சொல்லாதீர்கள், தம்பி. உங்கள் 500 மெகாவாட் யூனிட் 3,000 ஆர்.பி.எம்.மில் சுற்றுகிறது, விநாடிக்கு 50 சுற்று. கடைசி வரிசை பிளேடுகளின் நுனி விட்டம் 3 மீட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். நுனியின் வேகம் விநாடிக்குச் சுமார் 470 மீட்டர் வரும். காற்றில் ஒலி போவதே 340 மீட்டர்தான். இப்படிப்பட்ட வேகத்தில் நீராவி என்ன பாடு படும் என்பதைச் சொல்லும் பாடம் கேஸ் டைனமிக்ஸ். ஏரோக்காரர்கள் அதையே ராக்கெட் நாசிலுக்காகப் படிக்கிறார்கள்.

டர்பைனை நிறுத்தும்போது வேகம் இறங்க இறங்க, ஒரு குறிப்பிட்ட இடத்தில் பேரிங் வைப்ரேஷன் எகிறிப் பிறகு அடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஏற்றும்போதும் அங்கே நிற்கவிடாமல் தாண்டிவிடுவார்கள். அந்தக் கிரிட்டிகல் ஸ்பீடு, ரோட்டார் டைனமிக்ஸ் வகுப்பில் ஐகன்வேல்யூ என்ற பெயரில் பலகைக்கு வரும். பக்கத்து பெஞ்சுக்காரர் மனப்பாடம் செய்வார்; உங்களுக்குக் காலடியில் தரை அதிர்ந்தது ஞாபகம் வரும். ஜெட் என்ஜின் பிளேடுகளுக்கு இன்று போடும் கேம்பல் வரைபடம்கூட நீராவி டர்பைன் கொடுத்த சீதனம்தான். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த வில்ஃப்ரெட் கேம்பல், டர்பைன் டிஸ்க்குகளின் அதிர்வைப் பற்றி 1924இல் எழுதிய கட்டுரையில் பிறந்தது அது. ஜெட் விமானம் முதலில் பறந்ததோ 1939இல்.

என் கட்சி இதுதான்: மெக்கானிக்கலில் சேருங்கள், விருப்பப் பாடங்களை ஏரோ துறையிலிருந்து எடுங்கள். வீட்டில் சொல்லும் உத்தரவாதத்துக்காக அல்ல, அதை எந்தப் பட்டமும் தராது. உங்கள் மூன்று வருடம் அங்கேதான் செல்லுபடியாகும். ராக்கெட்டின் டர்போபம்ப்பும் ஒரு ரோட்டார்தானே! சுற்றுப்பாதைக் கணக்கிலோ, விமானக் கட்டுப்பாட்டிலோதான் மனம் என்றால் மட்டும் ஏரோவுக்குப் போங்கள்.

பயப்பட வேண்டியது கணிதத்துக்கு. விட்டுப்போன பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் முதல் செமஸ்டரிலேயே கழுத்தைப் பிடிக்கும். என்.பி.டெல். வீடியோக்கள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். நைட் ஷிஃப்ட் முடித்த காலையில் மட்டும் பார்க்க உட்காராதீர்கள், தூக்கம்தான் மிஞ்சும். ஒரு தண்டு, இரண்டு முனையிலும் பேரிங், நடுவில் ஒரு டிஸ்க். அதன் கிரிட்டிகல் ஸ்பீடைக் காகிதத்தில் கணக்கிடுங்கள். பிறகு டிஸ்க்கை ஒரு பேரிங் பக்கமாக நகர்த்தி மறுபடி போடுங்கள். (எண்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்; நிலையத்துப் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.) இரண்டாவது கணக்கும் வந்துவிட்டால் கேட் தேர்வுக்குப் பணம் கட்டலாம்.

கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அதை வைத்து முழுநேரமாகச் சேர்ந்தால் ஏ.ஐ.சி.டி.இ. உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். சம்பளத்தை விட்டு, அந்தத் தொகையில் இரண்டு வருடம் வீடு நடக்குமா என்று முதலில் உட்கார்ந்து பேசுங்கள். நடக்காதென்றால் பகுதிநேர எம்.இ. பற்றி விசாரியுங்கள். அதற்கும், உங்களை ஜெனரல் ஷிஃப்டில் போடுவார்களா என்று மேஸ்திரியிடமும் பொறியாளரிடமும் கேட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பம் போடுங்கள். மீஞ்சூரில் ரயிலேறி கிண்டிக்கோ குரோம்பேட்டைக்கோ மாலை வகுப்புக்குப் போய்விட்டு, இரவு பத்து மணி ஷிஃப்டுக்குத் திரும்பி வர உடம்பு இடம் கொடுக்காது.