குற்றத்தை ஒப்புக்கொண்ட பின் அப்பீல் உண்டா?



எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாகத் துறைமுகத்தை நோக்கி வரிசையாய் நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். எங்கள் தெருவிலும் லாரி ஓட்டும் மாமா ஒருவர் இருக்கிறார். விபத்து வழக்கொன்றில், "ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும்" என்று யாரோ சொன்னதை நம்பி, கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கிடைத்ததோ ஆறு மாதச் சிறை! "வாயால் ஒத்துக்கொண்ட பிறகு அப்பீல் ஏது?" என்று அத்தை அழுதார்கள். அக்கேள்விக்கு விடை தேடியதே இக்கட்டுரை.

1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375 ஆம் பிரிவு இதைப் பற்றிக் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அது 416 ஆம் பிரிவாகும். இதன்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டவர் "நான் குற்றவாளி அல்லேன்" என்று மேல்முறையீடு செய்ய இயலாது. ஆனால் தண்டனையின் அளவு மிகுதி என்றோ, அது சட்டப்படி செல்லாது என்றோ முறையிடலாம். உயர் நீதிமன்றமே தண்டித்திருந்தால் இவ்வழியும் இல்லை.

"அப்பீல் செய்தால் தண்டனை கூடிவிடுமோ?" என்று அஞ்சுவோர் உண்டு. தண்டிக்கப்பட்டவர் செய்யும் அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. கூட்டவேண்டுமானால் அரசு தனியே முறையிடவேண்டும்.

கர்நாடகத்தின் திப்பசாமி வழக்கும் விபத்து வழக்கே. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு முதலில் அபராதமும், பின்பு மேல் நீதிமன்றத்தில் சிறையும் விதிக்கப்பட்டன. குறைந்த தண்டனை என்று நம்பவைத்து ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டு, பிறகு தண்டனையைக் கூட்டுவது அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவுக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் கூறி, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பியது.

மாஜிஸ்திரேட் தீர்ப்பின் மீது செஷன்ஸ் கோர்ட்டில் 30 நாட்களுக்குள் முறையிடவேண்டும். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே மனு அனுப்பலாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் காவலில் இருப்போருக்கும் வக்கீல் உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.

அத்தை இருபத்திரண்டாம் நாள் மனுக் கொடுத்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. ஆயினும் இப்பொழுது அத்தை அழுவதில்லை.

தோழியரே, உண்மையை ஒப்புக்கொள்வது நற்பண்பு. ஆனால் எதை ஒப்புக்கொள்கிறோம், அதனால் என்ன விளையும் என்று ஒரு வக்கீலிடம் கேட்டறிந்த பின் ஒப்புக்கொள்வதே அறிவுடைமை. இதை நம் வீட்டிலுள்ளோர்க்கும் எடுத்துரைப்போமாக!