பாடம் 9: பழைய புல்லட் – வாங்குதலும் செப்பனிடுதலும்

(உரைநடை – தொழில்நுட்பக் கட்டுரை)

கற்றல் நோக்கங்கள்
• பயன்படுத்தப்பட்ட மோட்டார் சைக்கிளை வாங்குமுன் ஆராய வேண்டியவற்றை வரிசைப்படுத்திக் கூறுதல்.
• செப்பனிடும் பணிகளுள் முந்தியது எது, பிந்தியது எது என வகுத்தல்.
• தொழிற்சொற்களைப் பொருளறிந்து ஆளுதல்.

நுழையுமுன்

மாணவர்களே! பணிமாறுதல் பெற்று ஊர்விட்டு ஊர் செல்வோர் பலர் தம் வண்டியை விற்றுச் செல்கின்றனர். புதிதாக வருவோர் அதனை வாங்குகின்றனர். அவ்வாறு கைமாறும் வண்டிகளுள் பலர் விரும்புவது பழைய புல்லட். அதன் ஓசையில் மயங்கி வாங்குவோரும் உளர். ஆராய்ந்து வாங்குவோரும் உளர். எவற்றை, எந்த வரிசையில் ஆராய்வது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

வண்டியின் வரலாறு

ராயல் என்பீல்டு புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் உருவானது. 1950களில் அது இந்தியப் படையினரின் பயன்பாட்டுக்கு வந்தது. 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவுடன் என்பீல்டு இந்தியா தோன்றியது. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. பிறந்த நாட்டில் உற்பத்தி நின்ற பின்னரும் திருவொற்றியூரில் அது தொடர்ந்தது.

பல்லாண்டுக் காலம் இவ்வண்டியின் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை. ஆதலால், முப்பது ஆண்டு கடந்த வண்டிக்கும் உதிரிப்பாகங்கள் கிடைக்கின்றன. தில்லிக் கரோல் பாகில் அவற்றை விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. எந்தப் பழைய வண்டியாயினும் விலை பேசுமுன் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்டறிதல் வேண்டும். பாகம் கிடைக்காத வண்டி எவ்வளவு மலிவாயினும் முற்றத்தில் நின்று துருப்பிடிக்கும்.

ஆவணங்களைப் படித்தல்

முதலில் பார்க்க வேண்டியது பதிவுச் சான்றிதழ். அதிலுள்ள எஞ்சின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் வண்டியில் பொறிக்கப்பட்டுள்ள எண்களுடன் ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து வேறுபட்டாலும், எண் இருக்குமிடம் அராவப்பட்டிருந்தாலும் அவ்வண்டியை வாங்கலாகாது.

சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதித்து 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பர். தில்லி போன்ற இடங்களில் பழைய வண்டிகளுக்குத் தனி விதிகளும் உண்டு. எனவே, எந்த ஊரில் ஓட்டப்போகிறோமோ அந்த ஊரின் விதியை அறிந்துகொள்ள வேண்டும். வண்டி வேறு மாநிலத்தில் பதிவானதாயின் அங்குள்ள அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று பெற வேண்டும். அதற்குரியது படிவம் 28. கடன் பெற்று வாங்கிய வண்டியாயின், கடன் தீர்ந்த செய்தி பதிவில் ஏறியுள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவை தேவை. ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாள்களுக்குள்ளும் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. பெயரை மாற்றாமல் பல ஆண்டுகள் ஓட்டுவோர் உளர். சட்டத்தின் பார்வையில் பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர். வண்டியை விற்றுவிட்டு வேறோர் ஊரில் வாழ்பவரின் மேல் விபத்தின் பொறுப்பு விழக்கூடும். ஆகவே, பெயர் மாற்றம் என்பது நம்மை நம்பி வண்டியைக் கொடுத்தவருக்கு நாம் ஆற்றும் கடமையுமாகும்.

கண்ணும் காதும் கையும்

வண்டியைப் பகலில் பார்க்க வேண்டும். நாம் செல்லுமுன் எஞ்சினை ஓட்டி வைக்க வேண்டா என்று விற்பவரிடம் கூறிவிடுதல் நன்று. சூடேறிய எஞ்சின் தன் குறைகளை மறைக்கும். சென்றவுடன் எஞ்சினருகே கையை வைத்துப் பார்த்தால் அது குளிர்ந்துள்ளதா என்பது தெரிந்துவிடும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் புகையைக் கவனிக்க வேண்டும். நீலப் புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். பிஸ்டன் வளையமோ வால்வுப் பகுதியோ தேய்ந்திருக்கலாம். கரும்புகை, காற்றை நோக்கப் பெட்ரோல் மிகுதியாகச் செல்வதைக் காட்டும். கார்புரேட்டரைச் சீர்செய்தால் பெரும்பாலும் தீரும். முன்னதற்குச் செலவு மிகுதி, பின்னதற்குக் குறைவு.

அடுத்து, நடுத்தாங்கியில் நிறுத்திச் சக்கரங்களைச் சுழற்ற வேண்டும். சக்கரம் பக்கவாட்டில் ஆடினால் அது கோணியுள்ளது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் இறுகியது கணீரென ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். டயரின் பக்கத்தில் நான்கிலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் வெடித்த டயர்கள் உண்டு. இவ்வெண் அவற்றின் வயதைக் கூறிவிடும். பெட்ரோல் தொட்டியினுள் துரு உள்ளதா என்பதைக் கைவிளக்கால் பார்க்க வேண்டும். தீக்குச்சியை அருகில் கொண்டு செல்லவே கூடாது.

கண்ட குறைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை நம்பத்தக்க மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசினால் வீண் வாதம் எழாது.

செப்பனிடும் வரிசை

வண்டி வீட்டுக்கு வந்ததும் பலர் முதலில் வண்ணம் பூசுகின்றனர். குரோமியப் பூச்சுக்கும் ஓசைமிக்க சைலன்சருக்கும் பணத்தைச் செலவிடுகின்றனர். தேய்ந்த பிரேக்கோ அப்படியே இருக்கும். வரிசை இவ்வாறு இருத்தல் வேண்டும்: முதலில் வண்டியை நிற்கச் செய்க, பிறகு ஓடச் செய்க, இறுதியில் ஒளிரச் செய்க.

நிற்கச் செய்தல்: பிரேக் ஷூ, பிரேக் கம்பி, டயர், சக்கரக் கம்பி, பேரிங், விளக்குகள், ஹாரன் ஆகியன முதற் பணிகள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கலாம். அத்தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

ஓடச் செய்தல்: எஞ்சின் எண்ணெயை மாற்றி, கார்புரேட்டரையும் பெட்ரோல் வடிகட்டியையும் தூய்மை செய்ய வேண்டும். பழைய வண்டியில் மின்பொறியைத் தருவது பாயிண்ட்; அதன் இடைவெளி ஏறத்தாழ 0.4 மி.மீ. இருத்தல் வேண்டும். டேப்பெட்டை எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே சரிசெய்ய வேண்டும். சங்கிலி தேய்ந்திருந்தால் சங்கிலியை மட்டும் மாற்றுவது சிக்கனமன்று. தேய்ந்த பற்சக்கரம் புதிய சங்கிலியையும் விரைவில் தேய்த்துவிடும்.

ஒளிரச் செய்தல்: மேற்கூறியவை முடிந்து சில வாரங்கள் ஓட்டிப் பார்த்த பின்னரே வண்ணம் பூசலாம். அதற்குள் எண்ணெய் எங்கே கசிகிறது என்பதும் தெரிந்திருக்கும்.

ஓட்டுமுன் அறிய வேண்டியன

பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். இக்கால வண்டிகளில் இவை இடம் மாறியுள்ளன. பழகியவர் கால் ஆபத்து நேரத்தில் பழைய வழக்கத்தையே நாடும். பிரேக் என்று எண்ணிக் கியரை மிதித்துவிடும். எனவே, நெரிசலற்ற வெளியில் நன்கு பழகிய பின்னரே சாலைக்குச் செல்ல வேண்டும். தலைக்கவசமும் மூன்றாம் தரப்புக் காப்பீடும் கட்டாயம்.

கியர் வண்டிக்கான உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உரிய வயதடையாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டுகள் வரை சிறையும் உண்டு. அவ்வயதை எட்டும்வரை பிரேக்கைப் பிரித்துக் கோக்கவும் எஞ்சினைச் செவிமடுக்கவும் நீங்கள் கற்கலாம். அதற்கு உரிமம் தேவையில்லை.

சொற்பொருள்
அராவுதல் – அரத்தால் தேய்த்தல்
கோணுதல் – வளைதல்
மந்தமாக – கூர்மையின்றி
கல்நார் – நெருப்பைத் தாங்கும் நாரியல்புடைய கனிமம்
செவிமடுத்தல் – கவனித்துக் கேட்டல்
தண்டம் – அபராதம்

இலக்கணக் குறிப்பு
கிடைக்காத (வண்டி) – எதிர்மறைப் பெயரெச்சம்
தேய்ந்த (பிரேக்) – பெயரெச்சம்
விற்பவர் – வினையாலணையும் பெயர்
செய்க – வியங்கோள் வினைமுற்று

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக.
1. சான்றிதழ்  2. பற்சக்கரம்  3. வேறோர்

ஆ. பொருத்துக.
1. நீலப் புகை – தளர்ந்த கம்பி
2. கரும்புகை – உரிமை மாற்றம்
3. மந்தமான ஒலி – எண்ணெய் எரிதல்
4. படிவம் 29 – பெட்ரோல் மிகுதி

இ. ஓரிரு தொடரில் விடை தருக.
1. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வண்டியைப் பார்க்க வேண்டுவது ஏன்?
2. டயரில் 0822 என்றிருந்தால் அது எப்போது செய்யப்பட்டது?
3. சங்கிலியை மட்டும் மாற்றுவது சிக்கனமாகாதது எவ்வாறு?

ஈ. கணக்கிடுக.
பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் உள்விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் நகரும் தொலைவு 90 மி.மீ. எஞ்சினின் கொள்ளளவு எத்தனை கன சென்டிமீட்டர்?

உ. பத்துத் தொடர்களில் எழுதுக.
'பெயர் மாற்றம் விற்றவருக்கு ஆற்றும் கடமை' – இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

ஊ. செயல்திட்டம்
உங்கள் ஊரிலுள்ள மெக்கானிக் பட்டறைக்குப் பெற்றோருடன் சென்று, வண்டியின் பத்துப் பாகங்களை அங்குள்ளோர் எப்பெயரால் அழைக்கின்றனர் என்று கேட்டு எழுதுக. அவற்றிற்கு நேரான தமிழ்ச்சொற்களை எதிரே எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.