இலவசப் பொருளும் தெரிந்தெடுக்கும் உரிமையும்

விலையின்றிக் கிடைக்கும் பொருளைப் பற்றி ஆராய என்ன இருக்கிறது என்று அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். இணைய உலாவி அத்தகைய பொருளே. கணினியிலும் கைப்பேசியிலும் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் நிரலுக்கு உலாவி என்று பெயர். அதற்கு அடித்தளமாக நின்று கருவி முழுவதையும் நடத்துவது இயங்குதளம். இவ்விரண்டும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1994ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியை வெளியிட்டது. விரைவில் பெரும்பாலோர் அதையே பயன்படுத்தலாயினர். 1995இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்னும் உலாவியைக் கொணர்ந்தது. அந்நிறுவனத்தின் விண்டோஸ் இயங்குதளம் அப்போதே பெரும்பாலான மேசைக் கணினிகளில் இடம்பெற்றிருந்தது. பின்னர் உலாவியையும் அதனுடன் சேர்த்து, தனி விலையின்றி வழங்கினர். சந்தையின் வாயிலைத் தன் வசம் வைத்திருப்பவர் அவ்வாயிலிலேயே கடையும் விரித்தால், உள்ளே இருக்கும் கடைகளை யார் நாடுவர்?

1998 மே மாதத்தில் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்ற உத்தரவை 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. ஆயினும், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற முடிவு நிலைத்தது. அதற்குள் நெட்ஸ்கேப் நிறுவனம் வேறொருவர் கைக்கு மாறிவிட்டது.

பயன்படுத்துவோருக்கு நேர்ந்த நட்டம் யாது? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 6ஆம் பதிப்பு 2001இல் வந்தது; 7ஆம் பதிப்போ 2006இல்தான் வந்தது. எதிரில் போட்டியாளர் இல்லாதபோது அபிவிருத்தியும் உறங்கிற்று. இதற்கிடையில், 1998இல் நெட்ஸ்கேப் தன் நிரலின் மூலத்தை யாவருக்கும் திறந்து வைத்திருந்தது. பலர் கூடி உழைத்து அதிலிருந்து வளர்த்த பயர்பாக்ஸ் 2004இல் வெளிவந்த பின்னரே போட்டி மீண்டது. கூட்டு முயற்சியின் ஆற்றலை நம் அங்கத்தினர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அடுத்து வருவது ஐரோப்பாவின் அனுபவம். பல உலாவிகளைப் பட்டியலிட்டு, வேண்டியதைத் தெரிந்தெடுக்கச் சொல்லும் திரை ஒன்றை விண்டோஸ் பயன்படுத்துவோருக்குக் காட்டுவதாக 2009இல் மைக்ரோசாப்ட் ஐரோப்பிய ஆணையத்திடம் உறுதியளித்தது. 2010இல் திரை தோன்றலாயிற்று. ஆனால் 2011 மே முதல் 2012 ஜூலை வரை, ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் பேருக்கு அத்திரை காட்டப்படவே இல்லை. தொழில்நுட்பப் பிழை என்று நிறுவனம் விளக்கம் கூறியது. 2013இல் ஆணையம் 56 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

உரிமை வழங்கப்பட்டால் மட்டும் போதாது. அது நடைமுறையில் உள்ளதா என்று பார்ப்பவரும் வேண்டும். தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் நாம் காண்பதும் இதுவே. துணைவிதியில் உரிமை எழுதப்பட்டிருக்கும். மகாசபையில் அதைக் கேட்பவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

2022இல் விண்டோஸ் 10இன் பெரும்பாலான பதிப்புகளில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. இன்று பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் குரோமும், ஐபோனில் சபாரியும் முன்கூட்டியே அமைந்து வருகின்றன. 2024 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம், தெரிந்தெடுக்கும் திரையைக் கைப்பேசிகளிலும் காட்டச் செய்துள்ளது. பெயர்கள் மாறின, வாயிலைப் பற்றிய வினா மாறவில்லை.

ஆகவே, சங்கத்தின் கணினியில் இரண்டு உலாவிகளேனும் இருத்தல் நலம். சங்கத்திற்கென்று நிரல் எழுதுவிக்கும்போது, அது ஒன்றுக்கு மேற்பட்ட உலாவிகளில் இயங்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கலந்துரையாட வினாக்கள்:

1. நம் கைப்பேசியில் உள்ள உலாவி நாம் தெரிந்தெடுத்ததா, தானே வந்ததா?

2. விலையில்லாப் பொருளால் நட்டம் நேருமா? எவ்வாறு?

3. நம் சங்கத்தின் துணைவிதிகளில் ஏட்டளவில் நிற்கும் உரிமைகள் யாவை?