ஊராட்சித் தேர்தலில் சாலையும் பஸ்ஸும் கேட்பது எப்படி? கவரைப்பேட்டை வாக்காளருக்கு முழுமையான வழிகாட்டி

திருவள்ளூர் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் வென்ற ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அடுத்து வரும் தேர்தலில் முதல் ஓட்டுப் போடும் பிள்ளைகளுக்காகவும், சிப்காட் வேலைக்காக வந்து இங்கேயே பெயர் சேர்த்துக்கொண்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ரயில், பஸ், சாலை எல்லாவற்றையும் தலைவர் வேட்பாளர் ஒருவரிடமே கேட்டுவிட்டு ஐந்து வருஷம் காத்திருப்பது பெரிய வீண்.

முதல் படி: சாலை யாருடையது?

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையும் அதன் சர்வீஸ் ரோடும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. சத்தியவேடு சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. சிற்றூர்களை இணைக்கும் சாலைகளில் பல ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருக்கின்றன. தெருவும் தெருவிளக்கும் ஊராட்சிக்கு.

2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது. தண்டவாளம், சிக்னல் எல்லாம் ரயில்வேயின் பொறுப்பு. ஊராட்சித் தலைவரால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கடைசி ரயிலில் இறங்கி வீட்டுக்கு நடக்கிற ஊராட்சித் தெரு இருட்டாகக் கிடந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எரியாத விளக்கின் கம்ப எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். "லைட்டே இல்லைங்க" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டாம் படி: நான்கு ஓட்டு, நான்கு கேள்வி

2019-ல் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என்று வாக்குச்சீட்டு தந்தார்கள். முதல் இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாத போட்டி. வெள்ளைக்கும் இளஞ்சிவப்புக்கும் நிற்பவரிடம் தெரு, விளக்கு, வடிகால்; பச்சைக்கு நிற்பவரிடம் ஒன்றியச் சாலை. மஞ்சளுக்கு வருபவரிடம், மாவட்ட ஊராட்சி நிதியில் நம் பக்கத்துக்கு எதைக் கொண்டுவருவீர்கள் என்று கேட்டால் போதும்.

மூன்றாம் படி: பஸ் கேட்கும் முறை

ஊராட்சி பஸ் விடாது. ஆனால் ஊருக்காக எழுதிக் கேட்கலாம். "பஸ் வேண்டும்" என்கிற ஒற்றை வரி மனு எங்கும் நகராது. எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று எழுத வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் பெண்களை வார்டு வாரியாக எண்ணிப் பட்டியல் போட்டு, அதை வேட்பாளர் கையில் கொடுங்கள். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ்ஸே வராத ஊருக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்? பட்டியலோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரைப் பார்க்கவும், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகவும் அந்த வேட்பாளர் உங்களோடு வருவாரா என்று கேளுங்கள்.

நான்காம் படி: ஓட்டுக்குப் பிறகு

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை. வேட்பாளர் தந்த வாக்கை அங்கே தீர்மானமாக எழுத வையுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். தீர்மான எண்ணை உடனே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றிய அலுவலகத்தில் கேட்கும்போது அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும்.